1/17 சுழலவே இல்லையே? நீள் வகுத்தலில் ஈவை விட்டு மீதியைப் பாருங்கள்

கேள்வி | ஜூன் 4, இரவு 9:12

எந்தப் பின்னத்தைத் தசமமாக்கினாலும் ஒன்று முடிந்துவிடும், இல்லையென்றால் சுழலும் என்கிறார்கள். கால்குலேட்டரில் 1 ÷ 17 போட்டால் 0.0588235294 வருகிறது. முடியவும் இல்லை, எதுவும் திரும்பி வரவும் இல்லை. அப்படியானால் 1/17 விகிதமுறா எண்ணா? இன்னொன்று, கையால் நீள் வகுத்தல் செய்தால் எனக்கு 0.588… என்றுதான் வருகிறது. ஒரு பூச்சியம் எங்கே போகிறது?

பதில் | ஜூன் 4, இரவு 10:05

இல்லை, 1/17 விகிதமுறு எண்தான். அது 16 இலக்கங்களுக்கு ஒரு முறை சுழல்கிறது. கால்குலேட்டர் 10 தசம இடத்தோடு நின்றுவிட்டதால் சுழற்சி முடியும் வரை நீங்கள் போகவே இல்லை.

சுழல்கிறதா என்பதை ஈவில் தேடாதீர்கள். ஈவில் ஒரே இலக்கம் பலமுறை வரலாம், அதற்குப் பொருள் எதுவும் இல்லை. 0.0588-இல் 8 அடுத்தடுத்து இருமுறை வருகிறது, ஆனால் அது சுழற்சி அல்ல. மீதியைப் பாருங்கள். முன்பு வந்த மீதி எப்போது திரும்ப வருகிறதோ அப்போதுதான் சுழற்சி.

முழு வகுத்தல் இதோ. ஒவ்வொரு படியிலும் மீதிக்குப் பக்கத்தில் ஒரு 0 இறக்கி 17-ஆல் வகுக்கிறோம்.

10: ஈவு 0, மீதி 10
100: ஈவு 5, மீதி 15
150: ஈவு 8, மீதி 14
140: ஈவு 8, மீதி 4
40: ஈவு 2, மீதி 6
60: ஈவு 3, மீதி 9
90: ஈவு 5, மீதி 5
50: ஈவு 2, மீதி 16
160: ஈவு 9, மீதி 7
70: ஈவு 4, மீதி 2
20: ஈவு 1, மீதி 3
30: ஈவு 1, மீதி 13
130: ஈவு 7, மீதி 11
110: ஈவு 6, மீதி 8
80: ஈவு 4, மீதி 12
120: ஈவு 7, மீதி 1

தொடங்கியதே 1-இல்தான். மறுபடி 1 வந்துவிட்டது. இனி 10, 100, 150 என்று அதே வரிசைதான். 1/17 = 0.0588235294117647…, இந்த 16 இலக்கங்கள் முழுவதுமே திரும்பத் திரும்ப வரும்.

பதில் | ஜூன் 4, இரவு 10:21

காணாமல் போன பூச்சியம் முதல் வரியிலேயே இருக்கிறது. 10-இல் 17 போகாது என்று தெரிந்ததும் அடுத்த 0-வை இறக்கி 100 ஆக்கினீர்கள். ஆனால் "போகாது" என்பதற்கு உரிய 0-வை ஈவில் எழுதவில்லை. விதி ஒன்றே ஒன்று: தசமப் புள்ளி வைத்த பிறகு இறக்கும் ஒவ்வொரு 0-வுக்கும் ஈவில் ஓர் இலக்கம் எழுதியே ஆக வேண்டும். போகாவிட்டால் 0 எழுதுங்கள். இரண்டு பூச்சியத்தை ஒரே மூச்சில் இறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டால் இந்தத் தவறு வராது.

முன்னால் மட்டுமல்ல, நடுவிலும் இது நடக்கும். 113/125 செய்து பாருங்கள். 1130-இல் 125 ஒன்பது முறை, மீதி 5. 50-இல் போகாது, ஈவில் 0. 500-இல் நான்கு முறை, மீதி 0. விடை 0.904. நடு 0-வை விட்டவர்களுக்கு 0.94 வரும். அது பார்க்க நியாயமான விடை போலவே இருப்பதால் சந்தேகமே எழாது. முன்னால் விட்டதையாவது மதிப்பிட்டுப் பார்த்துப் பிடித்துவிடலாம்: 1/17 என்பது 1/10-ஐ விடச் சிறியது, 0.5-க்கு மேல் வர வழியே இல்லை.

கேட்டவர் | ஜூன் 5, காலை 7:40

புரிந்தது. ஆனால் கட்டாயம் திரும்பி வரும் என்று எப்படி உறுதி? ஒருவேளை 1/97 மாதிரி ஏதாவது திரும்பாமலே போய்விட்டால்?

பதில் | ஜூன் 5, காலை 8:15

போக முடியாது. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது. 17-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 0 முதல் 16 வரை. 0 வந்தால் முடிந்துவிட்டது. வராவிட்டால் மிச்சம் 16 எண்கள்தான். 17-ஆவது முறை வகுக்கும்போது பழைய மீதி ஒன்று வந்தே தீரும். பழைய மீதி வந்தால் அதன்பின் செய்வதெல்லாம் பழைய வேலை, ஏனென்றால் இறக்குவது எப்போதும் 0 மட்டுமே.

ஆகவே பகுதி எதுவோ அதைவிட ஒன்று குறைவான எண்ணிக்கைக்கு மேல் சுழற்சி நீளாது. 1/97 அந்த உச்சவரம்பையே தொடுகிறது: 96 இலக்கங்கள். திரும்பத்தான் செய்கிறது, பொறுமை வேண்டும்.

பதில் | ஜூன் 5, காலை 8:52

"இறக்குவது எப்போதும் 0 மட்டுமே" என்பதைச் சாதாரணமாகத் தாண்டிவிட வேண்டாம், நிபந்தனையே அதுதான். தகா பின்னங்களில் தசமப் புள்ளிக்கு முன்னால் இறக்குவது தொகுதியின் இலக்கங்கள். அங்கே மீதி திரும்புவதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

733/6: 7-இல் ஒருமுறை, மீதி 1. 13-இல் இருமுறை, மீதி 1. மறுபடி 13, ஈவு 2, மீதி 1. மீதி 1 மூன்று முறை வந்துவிட்டதே என்று 2-ஐச் சுழலும் இலக்கமாகக் கொண்டால் கதை கெட்டது. இப்போதுதான் புள்ளி. 10-இல் ஒருமுறை, மீதி 4. 40-இல் ஆறு முறை, மீதி 4. இதுதான் உண்மையான திரும்பல். விடை 122.1666…, சுழல்வது 6 மட்டும்.

நடைமுறையில், புள்ளி வைக்கும் இடத்தில் இருக்கும் மீதியிலிருந்து குறிக்கத் தொடங்குங்கள். தாளின் வலது ஓரத்தில் மீதிகளை மேலிருந்து கீழாகத் தனியாக எழுதி வைத்தால், புதிய மீதி வந்ததும் அந்த வரிசையை ஒருமுறை கண்ணால் ஓட்டினால் போதும்.

இன்னொரு வாசகர் | ஜூன் 5, பகல் 1:30

5/12 = 0.41666… இதில் சுழலும் இலக்கத்தைக் காட்டப் போடும் மேற்கோடு எதன்மேல்? மூன்று இலக்கத்தின் மேலும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில் | ஜூன் 5, பகல் 2:02

6-இன் மேல் மட்டும். மீதி வரிசையைப் பாருங்கள்: தொடக்கம் 5, 50-இல் ஈவு 4, மீதி 2, 20-இல் ஈவு 1, மீதி 8, 80-இல் ஈவு 6, மீதி 8. திரும்பியது 8. முதல் 8-க்குப் பிறகு எழுதிய இலக்கத்திலிருந்து இரண்டாம் 8-ஐத் தந்த இலக்கம் வரைதான் கோடு. 5-உம் 2-உம் திரும்பவில்லை, ஆகவே 4-உம் 1-உம் கோட்டுக்கு வெளியே. 416 முழுவதற்கும் கோடு போட்டால் அது 0.416416…, அதாவது 416/999. வேறு எண்.

வகுக்காமலே முன்கூட்டிச் சொல்லவும் முடியும். பின்னத்தைச் சுருக்கிய பிறகு பகுதியைப் பகாக் காரணிகளாக்குங்கள். 2, 5 தவிர வேறு காரணி இல்லையென்றால் முடிவுறு தசமம். வேறு ஏதாவது இருந்தால் சுழலும். 2, 5 இரண்டில் எது அதிக முறை வருகிறதோ அத்தனை இலக்கங்கள் சுழற்சிக்கு முன்னால் நிற்கும். 12 = 2 × 2 × 3, ஆகவே முன்னால் இரண்டு இலக்கம். 28 = 2 × 2 × 7, ஆகவே 1/28-இலும் முன்னால் இரண்டு: 0.03 என்று நின்று, பிறகு 571428 சுழலும்.

முடிவுறு தசமத்துக்கும் இதே கணக்குத்தான். 7/80-இல் 80 = 2 × 2 × 2 × 2 × 5. நான்கு 2, ஒரு 5. சரியாக நான்கு தசம இடம்: 0.0875. வகுத்து மூன்று இடத்திலேயே முடிந்துவிட்டால் எங்கோ 0 விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரியும்.

பதில் | ஜூன் 5, பகல் 2:10

சுருக்கிய பிறகு என்பதை மறக்கக் கூடாது. 6/15-இல் 15-க்கு 3 காரணியாக இருக்கிறது, ஆனாலும் அது 2/5 = 0.4. 21/56-இல் 7 இருக்கிறது, ஆனாலும் 3/8 = 0.375. சுருக்காமல் வகுத்தாலும் விடை சரியாகவே வரும், கணிப்புதான் தப்பும்.

கேட்டவர் | ஜூன் 6, மாலை 6:25

பெரிய பகுதி வந்தால் ஒவ்வொரு படியிலும் எத்தனை முறை போகும் என்று ஊகித்து, பெருக்கி, அதிகமாகி, அழித்து… இதற்கு வழி?

பதில் | ஜூன் 6, மாலை 7:00

ஊகிக்கவே வேண்டாம். வகுக்கும் முன் அந்த எண்ணின் வாய்ப்பாட்டை 9 வரை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டே போனால் போதும், பெருக்க வேண்டியதில்லை. 37-க்கு: 37, 74, 111, 148, 185, 222, 259, 296, 333. எழுதி முடித்ததும் 333-உடன் இன்னொரு 37 கூட்டி 370 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பட்டியல் சரி. இதற்குச் செலவாகும் நேரம் மூன்றாவது படியிலேயே திரும்பக் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு படியிலும் இன்னொரு சோதனை: கழித்து வந்த மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதா? சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் ஈவில் ஒன்று குறைத்து எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனிக்காமல் 0 இறக்கினால் அடுத்த ஈவு 10 அல்லது அதற்கு மேல் வரும், அதை ஓர் இலக்க இடத்தில் அடைக்க முடியாது. ஈவில் இரண்டு இலக்கம் தேவைப்படுகிறதென்றால் தவறு அந்தப் படியில் இல்லை, அதற்கு முந்தைய படியில்.

நீள் வகுத்தல் குறிக்கு எது உள்ளே, எது வெளியே என்பதில் குழம்புகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 5/8-இல் கோட்டுக்கு மேலே இருக்கும் 5-தான் வகுபடும் எண், அது உள்ளே போகும். 8 வெளியே. சிறிய எண்ணால் பெரிய எண்ணை வகுப்பதுதான் வகுத்தல் என்ற பழக்கத்தில் 8-ஐ உள்ளே வைத்தால் 1.6 வரும். தகு பின்னத்துக்கு 1-க்கு மேல் விடை வந்தாலே தலைகீழாகச் செய்திருக்கிறோம் என்று பொருள்.

இன்னொரு வாசகர் | ஜூன் 6, இரவு 8:48

0.999… = 1 என்கிறார்களே, எந்தப் பின்னத்தை நீள் வகுத்தல் செய்தால் 0.999… வரும்?

பதில் | ஜூன் 6, இரவு 9:30

முறைப்படி செய்தால் எதற்கும் வராது. ஆனால் மேலே சொன்ன மீதி விதியை வேண்டுமென்றே மீறிப் பாருங்கள். 1 ÷ 1 எடுத்துக்கொண்டு "1-இல் 1 பூச்சியம் முறை, மீதி 1" என்று எழுதுங்கள். மீதி வகுக்கும் எண்ணுக்குச் சமம், அதுதான் மீறல். 10-இல் ஒன்பது முறை, மீதி 1. மறுபடி 10, ஒன்பது முறை, மீதி 1. இப்படியே 0.999… கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் பெருக்கலும் கழித்தலும் சரியாகவே இருக்கின்றன, ஆகவே மதிப்பு மாறவில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்து வடிவம். மீதி சிறியதாக இருக்க வேண்டும் என்ற விதி இரண்டில் 1.000… என்பதைத் தேர்ந்துகொள்கிறது, அவ்வளவே. இதே வகையில் 0.4-ஐயும் 0.3999… என்று எழுதலாம்.

பதில் | ஜூன் 7, காலை 9:05

கால்குலேட்டரை வைத்தே நீண்ட சுழற்சியைப் பிடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. ஓர் இலக்கத்துக்குப் பதில் எட்டு இலக்கம் ஒரே படியாக வகுப்பதுதான் இது.

1/17-க்கு முதல் எட்டு இலக்கம் 05882352. திரையின் கடைசி இலக்கத்தை எடுக்காதீர்கள், அது முழுமையாக்கப்பட்டிருக்கலாம். 2/3 போட்டால் கடைசியில் 7 காட்டும் கால்குலேட்டர்கள் உண்டு. இப்போது 17 × 5882352 = 99999984. இதை 100000000-இலிருந்து கழித்தால் 16. எட்டுப் படிகளுக்குப் பின் வரும் மீதி அதுதான், மேலே கையால் போட்ட பட்டியலிலும் எட்டாம் வரியில் 16 இருக்கிறது. இனி 16 ÷ 17 போடுங்கள்: 0.94117647… அடுத்த எட்டு இலக்கம் 94117647. 17 × 94117647 = 1599999999. அதை 1600000000-இலிருந்து கழித்தால் 1. மீதி 1, சுழற்சி முடிந்தது.

பதில் | ஜூன் 7, காலை 9:40

அந்த இரண்டு எட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள். 05882352 + 94117647 = 99999999. தற்செயல் அல்ல. பாதி வழியில் மீதி 16, அதாவது 17-க்கு ஒன்று குறைவு. 1/17-உம் 16/17-உம் சேர்ந்தால் 1, ஆகவே இரண்டின் இலக்கங்களும் இடத்துக்கு இடம் 9 ஆக வேண்டும். மீதி "வகுக்கும் எண் கழித்தல் 1" என்று வந்தவுடன் வகுத்தலை நிறுத்திவிட்டு, மறு பாதியை, முதல் பாதியின் ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்தே எழுதிவிடலாம். 1/7-இல் 142, பிறகு 857. 1/13-இல் 076, பிறகு 923. 1-க்குப் பதில் வேறு தொகுதியில் தொடங்கினால், வகுக்கும் எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்து வருவதுதான் பாதியைக் காட்டும் மீதி. 3/7-இல் அது 4: 428-க்குப் பிறகு 4 வரும், அதன்பின் 571.

எல்லாப் பகா எண்ணுக்கும் இது கிடைக்காது, சுழற்சி நீளம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 37-க்கு நீளம் 3 (1/37 = 0.027027…), பாதியே இல்லை.

கேட்டவர் | ஜூன் 7, பகல் 12:15

13-க்கு 12 மீதிகள் இருக்கின்றன, ஆனால் 076923 ஆறே இலக்கம். மற்ற ஆறு மீதிகள் எங்கே?

பதில் | ஜூன் 7, பகல் 12:50

வேறு வளையத்தில். 1-இல் தொடங்கினால் 1, 10, 9, 12, 3, 4 என்று சுற்றி 1-க்கே வந்துவிடும். 2-இல் தொடங்கினால் 2, 7, 5, 11, 6, 8. அதனால் 2/13 = 0.153846… 13-இன் எந்தத் தகு பின்னமும் இந்த இரண்டு வளையங்களில் ஒன்றில்தான் எங்கோ ஓரிடத்தில் தொடங்கும். 7-க்கும் 17-க்கும் ஒரே வளையம், ஆகவே 3/7 என்பது 1/7-இன் அதே இலக்கங்கள் வேறிடத்தில் தொடங்குவதுதான்.

பகுதிக்கு 2, 5 காரணியாக இல்லாதபோது நீளம் எவ்வளவு என்று வகுக்காமல் அறிய 9, 99, 999, 9999 என்று போய் எது முதலில் பகுதியால் மீதியின்றி வகுபடுகிறது என்று பாருங்கள். 99 = 9 × 11, ஆகவே 11-க்கு 2. 999 = 27 × 37, ஆகவே 27-க்கும் 37-க்கும் 3. அழகு என்னவென்றால் 1/27 = 0.037037…, 1/37 = 0.027027… 99999 = 9 × 41 × 271, ஆகவே 41-க்கு 5. பகுதி பகா எண்ணாக இருந்தால் (2, 5 தவிர) இந்த நீளம் அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணை மீதியின்றி வகுக்கும். 31-க்கு 15, 43-க்கு 21, 47-க்கு 46.

1801-இல் வெளியான எண்கோட்பாட்டு நூலில் கணிதவியலாளர் காஸ் இந்தச் சுழற்சிகளை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். 7, 17, 19, 23, 29, 47 போல முழு நீளமும் சுழலும் பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது இன்றும் நிரூபிக்கப்படவில்லை. 1927-இல் கணிதவியலாளர் ஆர்ட்டின் முன்வைத்த ஊகத்தின் ஒரு பகுதி அது. ஒரு தாளில் போடும் வகுத்தலிலிருந்து இவ்வளவு அருகில் திறந்த கேள்வி ஒன்று இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இன்னொரு வாசகர் | ஜூன் 8, காலை 10:20

22/7-ஐயும் 355/113-ஐயும் பையின் மதிப்பாக எடுக்கிறோமே, அவையும் சுழலுமா?

பதில் | ஜூன் 8, காலை 10:45

சுழலும். 22/7 = 3.142857142857… பை 3.14159265… மூன்றாம் தசம இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. 355/113 = 3.14159292… ஆறு இடம் ஒத்துப்போகிறது. 113-உம் முழு நீளப் பகா எண், சுழற்சி 112 இலக்கம். பத்துப் பதினைந்து இலக்கத்தில் திரும்பவில்லை என்பதை வைத்து விகிதமுறா எண் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு 1/17-ஐ விட இது நல்ல எடுத்துக்காட்டு. பின்னமாக எழுத முடிந்தது என்றாலே கேள்வி தீர்ந்தது.

கேட்டவர் | ஜூன் 8, மாலை 5:30

கடைசியாக ஒன்று. "இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாக" என்று கேட்டால் மூன்று இடம் வகுத்து முழுமையாக்க வேண்டும், சரிதானே?

பதில் | ஜூன் 8, மாலை 6:10

சரி. ஆனால் மூன்றாம் இடம்கூடத் தேவையில்லை. கேட்ட இடத்தில் நிறுத்தி அங்கே இருக்கும் மீதியை இரட்டியுங்கள். வகுக்கும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அப்படியே விடுங்கள், சமமோ அதிகமோ என்றால் கடைசி இலக்கத்தில் 1 கூட்டுங்கள். 5/7-ஐ மூன்று இடத்துக்கு: 0.714, மீதி 2. இரட்டித்தால் 4, 7-ஐ விடக் குறைவு, 0.714-தான். நான்கு இடத்துக்கு: 0.7142, மீதி 6. இரட்டித்தால் 12, ஆகவே 0.7143.

ஏற்கெனவே முழுமையாக்கியதை மறுபடி முழுமையாக்காதீர்கள். 5/11 = 0.454545… மூன்று இடத்துக்கு 0.455. அந்த 0.455-ஐ வைத்து இரண்டு இடத்துக்குப் போனால் 0.46 வரும், ஆனால் சரியான விடை 0.45. மீதி முறையில் இந்தத் தவறுக்கு இடமே இல்லை: 0.45-இல் நிறுத்தினால் மீதி 5, இரட்டித்தால் 10, 11-ஐ விடக் குறைவு.